மூன்று பாகைத் தண்ணீரில் ஒரு மாப்பிள்ளை

வானிலை வாசிக்கிறவனைப் புயல் வருகிற கிழமையில் ஊர் மதிக்கும். ஒன்றும் வராத கிழமையில் திட்டும். டென்மார்க்கில் பெரும்பாலும் ஒன்றும் வராது.

எண்பதுகளின் நடுவில் கோல்டிங் நகரத்துச் சிறிய வானொலி ஒன்றில் தமிழருக்குச் சனிக்கிழமை மத்தியானம் அரைமணி நேரம் தந்திருந்தார்கள். பாட்டுப் போட ஒருவர், வாழ்த்தும் மரண அறிவித்தலும் வாசிக்க ஒருவர், வானிலைக்கு நான். யாழ்ப்பாணத்தில் ஒரு தினசரியில் பல வருடம் உதவி ஆசிரியராக இருந்தவன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துவிட்டார்கள். எங்கள் பத்திரிகையில் வானிலை என்பது, கடைசி நேரத்தில் ஒரு விளம்பரம் வராமல் போனால் அந்த ஓட்டையை அடைக்கிற சாமான். "இடையிடையே மழை பெய்யலாம்" என்று போடுவோம். பெய்தாலும் பெய்யாவிட்டாலும் மறுநாள் ஒருவரும் வந்து சட்டையைப் பிடித்ததில்லை.

பஸ் ஏன் பிந்தியது என்று கொண்டக்டரையும், சோறு ஏன் குழைந்தது என்று பரிமாறுகிறவனையும் கேட்கிற உலகம் இது. தன் கையில் இல்லாத விஷயத்துக்குத் தன் வாயால் பதில் சொல்கிற எல்லோரும் என் இனம். நீங்களும் அப்படி ஒருவர் என்றால், கிட்ட வந்து இருங்கள்.

போன கிழமைக் கசெற்

சனிக்கிழமை காலையில் வானிலைக் கந்தோர் என்கிற அரசாங்க அலுவலகம் தொலைபேசியில் பதிந்துவைத்திருக்கிற குரலைக் கேட்பேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தமிழாக்குவேன். மத்தியானம் வாசிப்பேன். தொழில் இவ்வளவுதான். நான் தொடங்கியது மார்ச் மாதத்தில். என் முதல் வாசிப்பு இது: "தென் யூட்லாந்தில் குளிர் நீடிக்கும். காற்று மெலிது. வானம் மூடியிருக்கும். இரவில் இலேசான உறைபனி. மாற்றம் எதிர்பார்க்கப்படவில்லை." எவ்வளவு ஆறுதலாக வாசித்தாலும் இது அரை நிமிடத்தைத் தாண்டாது. எனக்கு ஒதுக்கியதோ மூன்று நிமிடம். மிச்ச நேரத்துக்கு இருமினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலையப் பொறுப்பாளர் கார்ஸ்தன் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். நான் தமிழில் உணர்ச்சியோடு வாசிப்பதாக அவர் நினைத்தார்.

அடுத்த கிழமையும் அதே குரல் அதே வசனங்களைச் சொன்னது. அதற்கடுத்த கிழமையும் அப்படியே. பத்திரிகைக்காரனுக்கு மானம் இருக்கிறதல்லவா? "மெலிது" என்பதை "மென்மையானது" என்று மாற்றினேன். அன்று பின்னேரம் பிராண்டேயிலிருந்து சூசை அண்ணை தொலைபேசி எடுத்தார். அவர் அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை. எங்கள் வானொலி பிராண்டே வரை எட்டாது என்று கார்ஸ்தன் அடித்துச் சொல்வார். சூசை அண்ணை சனிக்கிழமைகளில் கோல்டிங் பக்கமாகக் காரை ஓட்டிவந்து, ஒரு மேட்டில் நிறுத்தி, கார் வானொலியில் கேட்டுவிட்டு, வீடு திரும்பி முறைப்பாடு செய்வார்.

"தம்பி, நான் பெற்றோலை எரிச்சு மேட்டில ஏறி நிண்டு கேக்கிறன். நீ போன கிழமைக் கசெற்றை எல்லே திருப்பிப் போடுறாய்!"

நனைந்தவனும் நனையாதவனும்

என்னோடு ஒரே அறையில் இருந்தவன் ராசன். குளிருக்கு அவ்வளவு பயந்த ஒரு மனிதனை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. மற்றவர்கள் சம்பளத்தைப் பார்த்து வேலை தேடினார்கள். அவன் வெப்பத்தைப் பார்த்துத் தேடினான். கடைசியில் வெள்ளரிக்காய் வளர்க்கிற ஒரு கண்ணாடிக்கூடத்தில் போய்ச் சேர்ந்தான். டென்மார்க்கிலேயே வியர்க்கிற வேலை அதுதான். வீட்டில் கையுறையோடு தேத்தண்ணி குடிப்பான். கம்பளித் தொப்பியோடு படுப்பான்.

அவனுக்கு ஸ்டெல்லாவைப் பிடித்திருந்தது. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற, அதிகம் பேசாத பெண். அவளுக்கும் இவனைப் பிடித்திருந்தது. இடையில் நின்றது தண்ணீர். ஸ்டெல்லாவின் தகப்பன் யோசேப்பு ஐயா பெந்தெகொஸ்தே சபை. ராசனும் கிறிஸ்தவன்தான், ஆனால் கைக்குழந்தையில் தலையில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுத்த சபை. "அது ஞானஸ்நானம் இல்லை, முகம் கழுவல்" என்று ஐயா தள்ளிவிட்டார். முழு உடம்பும் முழுக வேண்டும். தான் மன்னார்க் கடலில் முழுகியதுபோல வெளித் தண்ணீரில் முழுக வேண்டும். கோல்டிங்கில் வெளித் தண்ணீர் என்றால், நிலத்துக்குள் நீண்டு வருகிற கடல்வாய். நாள், ஈஸ்டர் ஞாயிறு. கலியாணம் அதற்கடுத்த சனி. கோடை வரை பொறுக்கலாமே என்று சபையின் பாஸ்டரே கேட்டுப் பார்த்தார். "முழுகக் கோடையைப் பாத்திருக்கிறவன், பெண்சாதிக்குச் சோறு போடவும் கோடையைப் பாத்திருப்பான்" என்றார் ஐயா. தலைநகருக்குப் பக்கத்து ஹ்விடோவ்ரேயில் அவர் கையில் இன்னொரு மாப்பிள்ளை இருந்தான்: கந்தோர் வேலை, நல்ல குடும்பம், எல்லாவற்றுக்கும் மேலாக மன்னாரிலேயே முழுகி முடித்தவன். "அவன் ஏற்கெனவே நனைஞ்சவன்" என்று ஐயா போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒரேயொரு சலுகை கொடுத்திருந்தார். பலத்த காற்று, அலை என்று வானொலி சொன்னால், நகரசபையின் நீச்சல் மண்டபத்தில் முழுகலாம். அங்கே தண்ணீர் இளஞ்சூடு. வானொலி என்றால் நான். அன்று இரவு ராசன் எனக்கு முட்டைப்பொரியல் போட்டுத் தந்தான். அதற்கு முன் அவன் அடுப்பங்கரைக்கு வந்தது கைகாய்ச்ச மட்டும்தான்.

"அண்ணை, ஒரு சின்னக் காத்து. அவ்வளவுதான். நான் புயல் கூடக் கேக்கேல்லை."

காரில் காய்ந்த மிளகாய்

நடுவில் ஒரு கிழமை தொலைபேசிக் குரல் என்மேல் இரக்கப்பட்டு, "ஞாயிறு சிறிது நேரம் சூரியன் தெரியும், நாலு பாகை" என்றது. எனக்குக் கிடைத்த முதல் செய்தி. நீட்டி முழக்கி, இரண்டு தரம் வாசித்தேன். சூரியன் என்ற சொல் வரை கேட்ட சூசை அண்ணை, நாலு பாகை வருவதற்குள் காரைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் பறந்துவிட்டார்.

அவருடைய மனைவி மேரியக்கா, ராசன் கண்ணாடிக்கூடத்து மூலையில் வளர்த்துக் கொடுத்த பச்சை மிளகாயைக் கீறி, உப்பும் தயிரும் போட்டு ஊறவைத்து, வெயிலுக்காகக் காத்திருந்தார். மோர்மிளகாய் காய வைக்க பிராண்டேயில் இடம் எது? புல்லெல்லாம் ஈரம். சூசை அண்ணை யோசித்தார். காரை நன்றாக ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு வந்து நிறுத்தி, முன்மூடியில் மிளகாயைப் பரப்பினார். கீழே எஞ்சின் சூடு, மேலே சூரியன். இப்படியொரு மூளை தொழிற்சாலையில் வீணாகப் போகிறதே என்று அவருக்கே தோன்றியதாம். தோன்றிய சந்தோஷத்தில் மறந்துபோய், திங்கட்கிழமை காலை மிளகாயோடேயே வேலைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

பின்னேரம் வீடு வந்தபோது பக்கத்து வீட்டு டேனிஷ்காரர் ஒரு பையோடு வாசலில் நின்றார். கண்ணிரண்டும் சிவந்து, மூக்கால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சூசை அண்ணையின் கார் பச்சை நிறம் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

"உங்கள் காரின் பெயின்ற் உரிந்து வழியெல்லாம் கிடக்கிறது என்று பொறுக்கி வந்தேன். சந்தேகத்தில் ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். பெயின்ற் இல்லை, பெயின்ற் இப்படி எரியாது."

மேரியக்காவின் பங்கு

ராசனுக்குக் காற்று வேண்டும் என்றால், மேரியக்காவுக்குக் குளிர் வேண்டும். அவர் கத்தோலிக்கர். பெரிய வெள்ளியன்று தமிழ்ச் சனம் ஒரு பூங்காவைச் சுற்றி, பதினாலு தலங்களில் நின்று மன்றாடி, சிலுவைப்பாதை போவார்கள். முன்னுக்குச் சிலுவை பிடிக்கிற ஒழுங்கெல்லாம் மேரியக்காவின் பொறுப்பு. முந்திய வருடம் அந்த ஒரு நாள் மட்டும் எதிர்பாராமல் வெயில் எறித்துவிட்டது. அதில் மனம் நொந்துபோய் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"பாடுகளைத் தியானிக்க வந்த சனம், தம்பி, பத்தாம் தலத்தில ஐஸ்கிறீம் வாங்கித் திண்டுகொண்டு நிக்குது. முழந்தாள் போடுங்கோ எண்டால், கோன் சரியும் எண்டு நிண்டபடி கும்பிடுதுகள். இவர் ரெண்டு கையிலயும் ரெண்டு வைச்சிருந்தவர்" என்று சூசை அண்ணையைக் காட்டிக்கொடுத்துவிட்டார். பின்னால் சூசை அண்ணையின் குரல், ஒன்று மேரியக்காவுக்காக வாங்கியது என்று மன்றாடியது. அக்கா அதை ஏற்கவில்லை. எனக்கு வானத்தில் செல்வாக்கு எதுவும் இல்லை என்று மெல்ல எடுத்துச் சொன்னேன். அதையும் ஏற்கவில்லை. வாசிக்கிறவர் அழுத்தி வாசித்தால் சனம் கோட்டோடு வரும், கோட்டோடு வந்தால் ஐஸ்கிறீம் நினைப்பு வராது என்பது அவருடைய கட்சி. பத்திரிகையில் இருந்த காலத்தில் ஒரு மந்திரிகூட என்னிடம் இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை. கடைசியாகப் பேரத்துக்கு இறங்கினார்.

"வெள்ளிக்கிழமைக் குளிரை எனக்குத் தா தம்பி. ஞாயிற்றுக்கிழமையை உன்ர பெடியனுக்கு விட்டுத்தாறன்."

கால்விரல் தெரிகிற தண்ணீர்

ஈஸ்டருக்கு முந்திய கிழமை யோசேப்பு ஐயா புதிய கேள்வி ஒன்றைக் கிளப்பினார். காற்றைச் சொல்கிறீர், வானத்தைச் சொல்கிறீர், தண்ணீர் எத்தனை பாகை என்று ஏன் சொல்வதில்லை? தொலைபேசிக் குரலுக்கு அது தெரியாது. மார்ச் மாதத்தில் கடல்நீரின் சூட்டை டென்மார்க்கில் யார் கேட்கப் போகிறார்கள்? ஆகவே நானே அளக்கப் போனேன். கண்ணாடிக்கூடத்தில் மண்ணுக்குள் குத்துகிற வெப்பமானியை ராசன் கொண்டுவந்தான். ஐயாவும் சாட்சிக்கு வந்தார்.

கடல்வாய் அசையாமல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. மரத்துறையின் முனையில் ராசன் குந்தியிருந்து, வெப்பமானியை நான்தான் பிடிப்பேன் என்று அடம்பிடித்தான். சாப்பிடும்போதுகூடக் கழற்றாத கையுறையைக் கழற்றினான். காதல் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டேன். நெடுநேரம் பிடித்திருந்துவிட்டு, நீலம்பாரித்த கையோடு தூக்கிக் காட்டினான். மூன்று பாகை.

"மூண்டு நல்லம்" என்றார் ஐயா, இடியப்பத்துக்கு மா குழைக்கத் தண்ணீர் பார்ப்பவர்போல. அப்போது இரண்டு டேனிஷ் பெண்கள் துவாயோடு வந்தார்கள். எழுபதுக்குக் குறையாது. எங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, நீச்சலுடையில் ஏணியால் இறங்கி, கழுத்தளவு தண்ணீரில் நின்றபடி யாருடையதோ மருமகளைப் பற்றிக் கதைத்தார்கள். பிறகு ஆறுதலாக ஏறி வந்தார்கள். ராசன் தன் முழு டேனிஷையும் திரட்டி, தண்ணீர் எப்படி என்று கேட்டான். மூத்தவர் யோசித்துப் பதில் சொன்னார்.

"இன்றைக்குப் பரவாயில்லை, கால்விரல் இருப்பது தெரிகிறது."

இஸ்திரி போட்ட கடல்

பெரிய வெள்ளி மேரியக்கா கேட்டபடியே குளிர்ந்தது. சனம் கோட்டோடு வந்து, முழந்தாள் போட்டு, மூக்கை உறிஞ்சிப் பாடுகளைத் தியானித்தது. அந்தப் பெருமையையும் எனக்கே எழுதினார்கள்.

சனிக்கிழமை விடிய ராசன் எனக்கு முன் எழும்பி, தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தான். இருவரும் ஒரே ரிசீவரில் காதை வைத்துக் கேட்டோம். குளிர் நீடிக்கும். காற்று மெலிது. மாற்றம் எதிர்பார்க்கப்படவில்லை. இன்னொரு தரம் எடுத்தோம். அதே பல்லவி. காற்று இருந்திருந்தால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவன் இருந்திருக்க மாட்டான். "பலத்த காற்று எண்டு ரெண்டே ரெண்டு சொல், அண்ணை. ஆருக்கு நட்டம்?" என்றான். நட்டம் எனக்குத்தான். சொல்லிவிட்டால், ஞாயிற்றுக்கிழமை முழு ஊரும் அசையாத மரங்களைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கும். அரசியலில் பிழையாக எழுதினால் மறுப்பு விடலாம். வானிலைக்கு யன்னல் இருக்கிறது. உள்ளதை உள்ளபடி வாசித்தேன். ஒரு மாப்பிள்ளையின் தலைவிதியை இருமாமல் வாசித்தது அன்றுதான்.

வாசித்து முடித்துக் கோப்பியை எடுப்பதற்குள் யோசேப்பு ஐயா நிலையத்துக்கே தொலைபேசி எடுத்துவிட்டார். குரலில் அப்படியொரு மகிழ்ச்சி.

"காத்தில்லை, அலையில்லை எண்டு சொன்னீர் தம்பி. ஆண்டவர் கடலை இஸ்திரி போட்டு விரிச்சு வைச்சிருக்கிறார் எண்டு பாஸ்டருக்குச் சொல்லிப்போட்டன்!"

முழுகாத மாப்பிள்ளை

ஞாயிறு எல்லோரும் வந்திருந்தார்கள். சூசை அண்ணை, பிராண்டேயிலிருந்து பச்சைக் காரில், மேரியக்காவோடு. துவாய்க்காரப் பெண்கள் இருவரும். பாஸ்டர் புத்தியுள்ள மனிதர். மீன்பிடிக்கிற ஒரு டேனிஷ்காரரிடம் நெஞ்சு வரை வருகிற றப்பர்க் காற்சட்டை இரவல் வாங்கி, அதன்மேல் வெள்ளை அங்கி போட்டிருந்தார். ராசன் வந்தான். வெள்ளை அங்கி, வெறுங்கால். நடக்க நடக்கச் சரசரவென்று ஒரு சத்தம். புதுத்துணி என்று நினைத்தோம். முகத்தில் பயமே இல்லை. எனக்கு அதுதான் உதைத்தது.

இடுப்பளவு தண்ணீருக்குப் போனார்கள். பாஸ்டர் வசனம் சொல்லி, முதுகில் கைகொடுத்து அவனைப் பின்னால் சாய்த்தார். தலை போனது, கால் இரண்டும் மேலே வந்தன. காலை அமர்த்தினார், தலை வந்தது. நடுவில் அமர்த்தினார், ராசன் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி மல்லாந்தான். "கடல்ல மிதக்கிற போயா மாதிரி நிக்கிறான்" என்று சூசை அண்ணை எல்லோருக்கும் கேட்க வர்ணனை செய்தார். கரையிலிருந்து யோசேப்பு ஐயா, "மிதக்கிறது கணக்கில்லை! முழுக வேணும்!" என்று கத்தினார். கத்திவிட்டு, ஹ்விடோவ்ரே இருக்கிற கிழக்குத் திசையை ஒருமுறை பார்த்தார். நான் கண்டேன். ராசனும் கண்டான்.

அப்போது ஸ்டெல்லா சப்பாத்து நனைகிற இடம் வரை இறங்கி வந்தாள்.

"உள்ளுக்கை என்ன போட்டிருக்கிறீங்கள்?"

"பொலித்தீன்" என்றான் ராசன், மிதந்தபடியே. "கண்ணாடிக்கூடத்தில செடிக்குச் சுத்துறது. நாலு சுத்து. பனிக்கு ஒரு வெள்ளரியும் சாகேல்லை, ஸ்டெல்லா."

"நான் வெள்ளரிக்கு வாழ்க்கைப்படேல்லை. கழட்டுங்கோ. இல்லாட்டி இப்பவே ஹ்விடோவ்ரேக்கு ரெயில் எடுக்கிறன்."

வானிலை சொன்னபடியே எல்லாம் அமைதி. ராசன் நிமிர்ந்து நின்று, அங்கிக்குள் கைவிட்டு இழுத்தான். பொலித்தீன் வந்துகொண்டேயிருந்தது, பாஸ்டர் சுருட்டிச் சுருட்டி வாங்கினார். கடைசிச் சுற்றும் வந்ததும், அவர் வசனத்தைத் திரும்ப எடுத்து முடிக்கும் வரைகூட இவன் நிற்கவில்லை. தானே கண்ணை மூடிக்கொண்டு அடியோடு போனான். ஒரு மயிர்கூட வெளியில் இல்லை. ஐயா குனிந்து நின்று சரிபார்த்தார். துவாய்க்காரப் பெண்கள் கைதட்டினார்கள். அல்லேலூயாவுக்குச் சபை வாயைத் திறக்கும்போது ராசன் தண்ணீரைப் பிளந்துகொண்டு எழுந்தான், முகம் கத்தரிக்காய் நிறம், என்னைப் பார்த்து அலறினான்: "அண்ணை, மூண்டு இல்லை, ரெண்டு! ரெண்டு டிகிரி! கலியாணத்தைத் தள்ளிப்போடுவினம் எண்ட பயத்தில, அண்டைக்கு நான்தான் வெப்பமானிக் குமிழில விரலை வைச்சு மூண்டாக்கினனான்!"

மேரியக்கா தன் கோட்டைக் கழற்றிக்கொண்டு ஓடினார். நாங்கள் எல்லோரும் யோசேப்பு ஐயாவைப் பார்த்தோம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏறி வந்து முதல் வார்த்தையா, கேளாமலே பாவத்தை ஒத்துக்கொண்டான். ஹ்விடோவ்ரேக்காரனுக்கு நான் சொல்லிவிடுறன். நீங்கள் பெடியனுக்குச் சுடச்சுட ஏதும் குடுங்கோ."

இவ்வளவும் நடந்து முடிந்த அந்தக் கிழமையைப் பற்றி, வானிலைக் கந்தோரின் குரல் அடுத்த சனிக்கிழமை எனக்குச் சொன்னது, குறிப்பிடும்படியாக ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான்.